எங்கள் வீட்டில் இரண்டு கட்சி

11 ஜனவரி 1948, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நோர்வூட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தே ஏறினோம். மழை இல்லை, பனிமூட்டம் மட்டும். வழியெல்லாம் மார்கிரட் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைக்கார அப்புஹாமி கோயில் வாசலில் எங்களைப் பார்த்து, வருகிற மாதம் இலங்கைக்குச் சுதந்திரம் வருகிறதே மாத்தயா, உங்கள் தோட்டத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். வழக்கம்போல வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுப்பேன் என்றேன். அவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஒரு நாட்டுக்கு விடுதலை வருது. ஒங்களுக்கு அது வயித்துப்போக்கு."

கல்யாணமாகி இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. நான் தோட்டத்து டிஸ்பென்சர், லியனார்ட். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். இதுவரை எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் உப்புக்கும் உறைப்புக்கும்தான். இது வேறு மாதிரி இருக்கிறது.

18 ஜனவரி

சுதந்திரம் என்றால் நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன்? இன்று உட்கார்ந்து யோசித்தேன்.

எனக்கு டைபாய்ட் வந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் காரில் ஏற்றி நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்து வந்ததும், பையன் கெட்டிக்காரன் என்று மருந்து வேலை படிக்கவும் அவரே சிபாரிசு செய்தார். இல்லாவிட்டால் நான் இன்றைக்கு முள்ளுக்குத்தி மண்ணைக் கிளறிக்கொண்டு மலையில் நின்றிருப்பேன். துரையைத் திட்டலாம், கெஞ்சலாம். பங்களா எங்கே இருக்கிறது என்று தெரியும். நாளைக்குக் கொழும்பில் உட்கார்ந்து சட்டம் போடப் போகிறவர்களின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது? அவர்களில் எத்தனை பேர் எங்கள் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைப் பார்த்திருக்கிறார்கள்?

மார்கிரட்டின் கதை வேறு. அவள் அப்பா வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். குடிதண்ணீர் நல்லதாக வேண்டும் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்கப் போனார். அன்றே வேலை போயிற்று. பொழுது சாய்வதற்குள் லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொன்னார்கள். ரோட்டோரத்தில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து மழையில் நனைந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. அப்போது அவள் சின்னப் பிள்ளை.

எனக்குக் கார் அனுப்பியவர்களும் அவள் அப்பாவை ரோட்டில் இறக்கியவர்களும் ஒரே கூட்டம்தான். நாங்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. பின்னே எப்படி ஒத்துப்போவது?

25 ஜனவரி

தோட்டமே இரண்டாகக் கிடக்கிறது. மேட்டு லயத்தில் பெரிய கங்காணி செல்லசாமியின் ஆட்கள். கீழே பணிய லயத்தில் தொழிற்சங்கத்துத் தலைவர் சின்னத்தம்பியின் ஆட்கள்.

நேற்று டிஸ்பென்சரி விறாந்தையில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். துரைமார் போனால் நம்மை யார் கேட்பார்கள் என்றார் கங்காணி. "கொழும்புல நம்ம பேரு தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கானாப்பா?"

"தெரிய வைப்போங்க" என்றார் சின்னத்தம்பி. "தெரியாதுங்கிறதுக்காக காலம் பூரா தொரைக்கு சலாம் போட்டுக்கிட்டு கெடக்க முடியுமா?"

கங்காணிக்குத் தன் தலைப்பாகை போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. சின்னத்தம்பிக்குத் தலைவர் என்று பேர் வாங்கும் ஆசையும் இருக்கிறது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பாவம். இரண்டு பேரும் இரவில் தூங்காமல் யோசித்த முகத்தோடுதான் வந்திருந்தார்கள்.

இருமலுக்கு மருந்து வாங்க வந்த ராக்காயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லை. போகும்போது என்னிடம் கேட்டாள்: "சுதந்திரம் வந்தா பெரட்டு எத்தன மணிக்குங்க டாக்டரையா?"

காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரம் மாறுமா என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மார்கிரட்டிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இந்த மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

31 ஜனவரி, சனி

காந்தி மகானைச் சுட்டுவிட்டார்கள். நேற்று மாலை பங்களா ரேடியோவில் சொன்னதை சமையல்காரர் ஓடி வந்து சொன்னார். இன்று பெரட்டுக்கு யாருமே போகவில்லை. துரையும் கூப்பிடவில்லை. லயத்து வாசல்களில் பெண்கள் தலைவிரித்து அழுகிறார்கள், சொந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி. மார்கிரட் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கிறாள்.

3 பெப்ரவரி

புதுச் சண்டை. சாவுக்குத் துக்கம் காக்கும்போது கொண்டாட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மேட்டு லயம். அவர் செத்ததே விடுதலைக்காகத்தானே, அந்த நாளைக் கொண்டாடாமல் விடுவதா என்று பணிய லயம். நமக்கு எந்தக் கொடி, இந்தியக் கொடியா சிங்கக் கொடியா என்று இன்னும் சிலர்.

மார்கிரட் பிள்ளைகளோடு கொடி தைக்கிறாள். அப்புஹாமி கடையில் தொங்குவதைப் பார்த்து வந்து வரைந்த சிங்கம். ராக்காயி அதைப் பார்த்து, பூனை நல்லா இருக்குங்க டீச்சர் என்றாளாம்.

நாளைக்குக் கொடியேத்த வருவீங்களா என்று மார்கிரட் கேட்டாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். ஒரு நோயாளியும் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

4 பெப்ரவரி 1948, புதன்

நோயாளிகள் வந்தார்கள்.

காலையில் பெரட்டுக் களத்தில் சின்னத்தம்பி கம்பம் நட்டார். கங்காணியின் மகன் வந்து அதைப் பிடுங்கினான். யார் முதலில் அடித்தது என்று இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கதை. எனக்குத் தெரிந்ததெல்லாம், சின்னத்தம்பிக்கு நெற்றியிலும் கங்காணி மகனுக்குப் புருவத்திலும் தையல் போட வேண்டியிருந்தது. என்னிடம் இருப்பது ஒரு பெஞ்சு. இரண்டு பேரையும் அதில்தான் உட்கார வைத்தேன். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கொதிக்க வைத்த தண்ணீரோடு மார்கிரட் வந்தாள். சேலையில் ரத்தம். எனக்குப் பதறிவிட்டது. ஒனக்கு ஒண்ணுமில்லையே, ஒனக்கு ஒண்ணுமில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். "அவங்க ரத்தம்" என்றாள். பிறகு பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "புள்ளைங்க இன்னும் வரிசையில நிக்கிதுங்க. கொடிய ஏத்துறேன். பாதியில நிறுத்துறேன். பாதி ஒங்க துக்கத்துக்கு, பாதி ஒங்க சந்தோசத்துக்கு. யாருக்காச்சும் ஆட்சேபண இருக்கா?"

தலையில் கட்டோடு இரண்டு பேரும் அவள் பின்னால் போனார்கள். செல்லசாமி கங்காணி களத்து ஓரத்தில் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விறாந்தையில்தான் நின்றேன். பிள்ளைகள் முதலில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு கொடி ஏறி, பாதிக் கம்பத்தில் நின்றது.

நான் இன்னும் பயப்படுகிறேன். ஆனால் அந்தக் களத்தில் நிற்காமல் போனோமே என்றும் இருக்கிறது.

5 பெப்ரவரி

பெரட்டு வழக்கமான நேரத்துக்குத்தான்.

22 ஆகஸ்ட் 1948, ஞாயிறு

பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிவிட்டது. பேப்பரில் முழுப் பக்கம்.

இங்கே பிறந்தது போதாதாம். அப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். என் அப்பா திருச்சிப் பக்கம் பிறந்தவர். அவள் அப்பா மதுரைப் பக்கம். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் யாரும் இல்லை. போன வருடம் ஓட்டுப் போட்டவர்கள், அடுத்த தடவை போட முடியாது போலிருக்கிறது.

மார்கிரட் பேப்பரை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். எனக்குத் தொண்டை வரை ஒரு வார்த்தை வந்து நின்றது. அவளே சொன்னாள்.

"சொல்லிருங்க. அப்பவே சொன்னேன்லன்னு ஒரு தடவ சொல்லிருங்க."

"நான் சொன்னது வேற. தொரை பாத்துக்குவாருன்னுல்ல சொன்னேன்."

"அப்ப போயி அவருகிட்ட கேளுங்க."

30 ஆகஸ்ட்

கேட்டேன்.

மருந்துக்கான காகிதத்தில் கையெழுத்து வாங்கும்போது கேட்டேன். பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இதில் துரைமார் தலையிட முடியாது, இனி இதெல்லாம் உங்கள் அரசாங்கம் பார்க்க வேண்டியது என்று இங்கிலீஷில் சொன்னார். உங்கள் அரசாங்கம்! எந்த உங்கள்? அவர்கள் எங்களை வேண்டாம் என்கிறார்கள், இவர் அவர்களிடம் கேள் என்கிறார். நாங்க யாருகிட்டத்தான் போறது?

கடுமையாகச் சொல்லவில்லை. மார்கிரட்டுக்குச் சுகமா என்றும் விசாரித்தார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மார்கிரட் தேத்தண்ணீர் ஊற்றி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

31 ஆகஸ்ட்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் தோற்றுப்போனது.

17 மே 1949, செவ்வாய்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். சிசிலி என்று பெயர் வைக்கப் போகிறோம். பிள்ளை பார்க்க லயமே திரண்டு வந்தது. செல்லசாமி கங்காணி வாழைக்குலை அனுப்பியிருந்தார். அதைத் தூக்கி வந்தவர் சின்னத்தம்பி. இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் ஹட்டனுக்குச் சங்கக் கூட்டத்துக்குப் போய் வருகிறார்கள். இந்தியக் கொடி என்று நின்றவர்களும் இப்போது இவர்களோடுதான்.

மருந்து நெடி அடிக்கும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினேன். எந்த நாட்டுப் பிள்ளை நீ என்று கேட்டேன். கொட்டாவி விட்டாள்.

12 மார்ச் 1950

துரை சீமைக்குப் போகிறார். மாலை, போட்டோ, தேத்தண்ணீர் விருந்து எல்லாம் நடந்தது. அங்கே தனக்கென்று இப்போது யாரும் இல்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. கை குலுக்கும்போது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

மார்கிரட்டும் கை குலுக்கினாள். "பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள். போயிட்டு வாங்கன்னு ஏன் சொன்னே என்று பிறகு கேட்டேன். அப்படிச் சொல்லித்தானே பழக்கம் என்றாள்.

5 நவம்பர் 1950

மறுபடியும் இரண்டு கட்சி. இந்த முறை ஆள் மாறிவிட்டது.

நெடுங்காலமாக இங்கே குடியிருப்பவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது அல்லவா. சங்கம் அதைப் பகிஷ்கரிக்கச் சொல்கிறது. நான் போடலாம் என்கிறேன். கிடைக்கிற கதவைத் தட்டிப் பார்ப்போமே. பிள்ளை வளர்கிறது.

மார்கிரட் மாட்டேன் என்கிறாள். "என் வீட்டுக்குள்ள வர்றதுக்கு நானே கதவத் தட்டணுமா?"

சுதந்திரம் வேண்டும் என்றவள் இன்று அந்த அரசாங்கத்திடம் கேட்க மாட்டேன் என்கிறாள். வேண்டாம் என்ற நான் கேட்கலாம் என்கிறேன். அவள் நம்பியது அவ்வளவு அதிகம். அதனால்தான் கோபமும் அவ்வளவு. நான் நம்பவே இல்லை, அதனால் எனக்குக் கேட்பதில் கூச்சமில்லை.

29 ஜூலை 1951, ஞாயிறு

கடைசி நாள் நெருங்கிவிட்டது. சங்கமும் மனம் மாறி, எல்லோரும் மனுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வரிசை. மார்கிரட் கை ஓய எழுதுகிறாள்: யார் எப்போது வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று. ஊருக்கெல்லாம் எழுதுகிறாள். எங்கள் மனுவில் மட்டும் அவள் பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நான் இரண்டு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இன்று ராக்காயியின் முறை வந்தது. எழுதி முடித்து, விரல் வைக்கச் சொன்னால் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"டீச்சரு போட்டுட்டீங்களா?"

மார்கிரட் பேனாவை மைப்புட்டியில் தோய்த்தாள்.

"நீங்க போடலேன்னா இது போடக்கூடாத காயிதம். போடலாமுன்னா நீங்களும் போடணும். எனக்கு ஒரு நாயம் ஒங்களுக்கு ஒரு நாயமாங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்கிரட் மைப்புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"கெஞ்சுற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"நாலு பேரோட சேந்து கேக்குறது கெஞ்சுறதில்ல. ஒங்கப்பா தண்ணிக்குக் கேட்டாரே, அது கெஞ்சுனதா?"

இதை நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், முதலில் எங்கள் மனுவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். ராக்காயி விரலை நீட்டினாள்.

14 ஜூன் 1955, செவ்வாய்

ஹட்டனில் விசாரணை. இத்தனை வருடம் காத்திருந்து இன்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்களுக்குச் சாட்சி சொல்ல அப்புஹாமி கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் பாட்டனாரின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் எடுத்துத்தான் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தின் மேல் பக்கம் உண்டாயிற்று என்று இன்று பஸ்ஸில்தான் சொன்னார். வெள்ளைக்காரன் போனதில் அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று இத்தனை காலம் நான் கேட்டதே இல்லை. "ஆனால் அதை எடுத்தது நீங்கள் இல்லை, மாத்தயா" என்றார் சிங்களத்தில். வெள்ளம் வந்த வருடம் தன் மனைவிக்கு நான் வைத்தியம் பார்த்ததை அதிகாரியிடம் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

அதிகாரி மரியாதையான மனிதர்தான். கடைசியில் மார்கிரட்டைப் பார்த்து, நீங்கள் ஏன் இந்த நாட்டுப் பிரஜையாக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். ஏதாவது பணிவாகச் சொல்லிவிடு தாயே என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"விரும்பி வாங்குற சாமான் இல்லீங்க ஐயா இது. நான் இங்க பொறந்தவ, என் மக இங்க பொறந்தவ. ஒங்க புத்தகத்துல அது விட்டுப்போச்சு. அத எழுதிக்கணும், அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். அதிகாரி, எனக்குத் தமிழ் விளங்கும் என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினார்.

திரும்பி வரும்போது, கெடுத்துட்டேனாங்க என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது என்றும் சொன்னேன்.

2 பெப்ரவரி 1956

கிடைத்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் சிசிலிக்கும்.

ராக்காயிக்கு இல்லை. தாய் செத்ததற்கு இந்தியாவுக்குப் போனவள் காய்ச்சலில் படுத்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டாளாம். தொடர்ச்சியாக இங்கே இருக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். சின்னத்தம்பிக்கும் இல்லை. பணிய லயத்தில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது. மார்கிரட் எங்கள் பத்திரத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பிறகு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ராக்காயி வீட்டுக்குப் போனாள். அப்பீல் எழுதப் போகிறாளாம்.

9 செப்டெம்பர் 1957

மார்கிரட் அப்பீலுக்காக ராக்காயியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறாள். நானும் சிசிலியும் சோற்றைக் குழைத்துவிட்டோம்.

20 ஜனவரி 1960

ராக்காயியின் அப்பீலை மறுபடி விசாரிக்க ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மே மாதம் வரச் சொல்லித் தகவல். மார்கிரட் பள்ளிக்கூடத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு ஓடியே வந்தாள். வரிசையில் நின்ற நோயாளிகளெல்லாம் யாருக்கோ வலிப்பு என்று நினைத்து வழி விட்டார்கள்.

19 மார்ச் 1960, சனி

இன்று ஓட்டுப் போட்டோம். அங்கே போகும் வரை நம்பிக்கை இல்லை. பெயர்ப் பட்டியலில் எங்கள் பெயர்களைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ராக்காயியும் கூடவே நோர்வூட்டுக்கு வந்தாள். உனக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சிசிலியை வைத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

யாருக்குப் போடுவது என்று ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். நான் ஒரு ஆளைச் சொன்னால் அவள் வேறு ஆளைச் சொல்வாள். உள்ளே போய் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அவள் எனக்குப் பிறகு வந்தாள். முகத்தைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, என் ஆளுக்குப் போடவில்லை. அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பி ரோட்டில் நடக்கும்போது ராக்காயி கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தானே போட்டீங்க?"

"அதச் சொல்லக் கூடாது ராக்காயி" என்றாள் மார்கிரட்.

ராக்காயி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்கும் ஓட்டு கெடச்சிச்சுன்னா, நான் ஒங்க ரெண்டு பேருக்கும் எதிராத்தான் போடுவேன்."

மார்கிரட் நடுரோட்டில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருந்தது.